டி.ஜே. ஸ்டென்ட்டை வெளியே எடுக்கும் வழிகள்: மூன்று முறை எடுத்துக்கொண்டவரின் மதிப்பீடு

கடந்த ஒன்பது ஆண்டுகளில் கல்லடைப்புக்காக நான் மூன்று முறை லேசர் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறேன். மூன்று முறையும் கல்லை உடைத்த பிறகு சிறுநீர்க்குழாய்க்குள் டி.ஜே. ஸ்டென்ட் வைத்தார்கள், மூன்று முறையும் அதை வெவ்வேறு விதமாக வெளியே எடுத்தார்கள். முதல் முறை வளையாத உலோகக் கருவியாலும், இரண்டாம் முறை வளையும் கருவியாலும் எடுத்தார்கள். மூன்றாம் முறை நுனியில் விட்டிருந்த நூலைப் பிடித்து நானே இழுத்தேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு இவை எதுவும் இல்லாமல் காந்தத்தால் எடுத்தார்கள். எனவே ஒரே வேலைக்கான நான்கு வழிகளை ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை எங்களுக்கு வாய்த்தது.

இதை எழுத எனக்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. அறுவை சிகிச்சையைப் பற்றி அரை மணி நேரம் பொறுமையாக விளக்கும் மருத்துவர்கள்கூட, ஸ்டென்ட்டை எடுப்பதைப் பற்றி “இரண்டு வாரம் கழித்து வாருங்கள், எடுத்துவிடலாம்” என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் எப்படி எடுப்பது என்பது பெரும்பாலும் அதை வைக்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. நூல் வேண்டுமென்றால் அன்றைக்கே நூலை அறுக்காமல் விட வேண்டும். காந்தம் வேண்டுமென்றால் காந்தம் கட்டிய ஸ்டென்ட்டையே அன்று வைத்திருக்க வேண்டும். சாதாரண ஸ்டென்ட்டை வைத்து நூலையும் வெட்டிய பிறகு நோயாளி கேட்டால், பெரும்பாலும் உள்ளே கருவி விட்டுப் பிடித்து இழுக்கும் வழியைத்தான் மருத்துவரால் சொல்ல முடியும். இது எனக்கு முதல் முறையே தெரிந்திருந்தால் ஒரு பெரும் வேதனையைத் தவிர்த்திருப்பேன்.

ஸ்டென்ட் என்பது என்ன என்று அறியாதவர்களுக்காகச் சில வரிகள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய்க்குள் நீளவாக்கில் வைக்கப்படும் மெல்லிய, வளையும் குழாய் அது. பெரியவர்களுக்கு வைப்பது பெரும்பாலும் 24 அல்லது 26 சென்டிமீட்டர் நீளமும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமனும் உடையது. அதன் இரு முனைகளும் ஆங்கில ஜே எழுத்தைப் போலச் சுருண்டிருப்பதால் (டி.ஜே. என்பது ‘டபுள் ஜே’யின் சுருக்கம்) மேல் சுருள் சிறுநீரகத்திலும் கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையிலும் தங்கி, குழாய் நழுவாமல் நிற்கிறது. கல்லை உடைத்த பின் வீங்கியிருக்கும் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே அதன் பணி. சிலிகோன் குழாயை சிஸ்டோஸ்கோப் (சிறுநீர் வெளியேறும் வழியாகச் செலுத்திச் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவி) வழியாக வைக்கும் முறையை 1967-இல் சிம்ஸ்கிண்ட் என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்டார்கள். இரு முனைகளும் சுருண்ட இன்றைய வடிவத்தை 1978-இல் அமெரிக்க மருத்துவர் ராய் ஃபின்னி விவரித்தார்.

உள்ளே இருக்கும் நாட்களில் அது தரும் தொல்லை சிறியதன்று. அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு, கழித்து முடிக்கும் நேரத்தில் விலாவுக்கு ஏறும் வலி, நடந்தால் சிறுநீரில் கலந்து வரும் இரத்தம் ஆகியவற்றை ஸ்டென்ட் வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ஏதேனும் ஓர் அளவில் அனுபவிக்கிறார்கள். இந்தத் தொல்லைகளை அளப்பதற்கென்றே 2003-இல் பிரிட்டனில் ஒரு கேள்விப்பட்டியலை உருவாக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இது எவ்வளவு பரவலான துன்பம் என்று விளங்கும். ஆகவே ‘எப்போது எடுப்பார்கள்’ என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் நோயாளி, ‘எப்படி எடுப்பார்கள்’ என்று கேட்க மறந்துவிடுகிறார். நானும் மறந்தேன்.

முதல் முறை எனக்கு எடுத்தது ஒரு சிறிய மருத்துவமனையில். சிறுநீர் வெளியேறும் புறவழியில் மரத்துப்போகும் ஜெல்லியைச் செலுத்திய கையோடு, அது வேலை செய்யக் காத்திருக்காமல், வளையாத சிஸ்டோஸ்கோப்பை உள்ளே செலுத்தினார்கள். இந்தக் கருவிகள் பொதுவாக ஆறு, ஏழு மில்லிமீட்டர் தடிமன் கொண்ட நேரான உலோகக் குழல்கள். ஆணின் புறவழியோ ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளமுள்ளது. நடுவில் வளைந்து, சிறுநீரை அடக்கும் தசையையும் புராஸ்டேட் சுரப்பியையும் கடந்து செல்கிறது. வளைந்த பாதையில் நேரான உலோகத்தைச் செலுத்த வேண்டுமென்றால் பாதையைத்தான் நேராக்க வேண்டும். அந்த வலியை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. மொத்த வேலையும் மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டது என்பது உண்மை. அந்த மூன்று நிமிடங்களுக்குப் பயந்தே இரண்டாவது முறை கல் வந்தபோது நான் சிகிச்சையை நான்கு மாதங்கள் தள்ளிப்போட்டேன் என்பதும் உண்மை.

இந்த முறையை முற்றிலும் தள்ளிவிட முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலோகக் கருவி வழியே பார்வை தெளிவாக இருக்கும். பிடிக்கும் இடுக்கி வலுவானது. கல் படிந்து இறுகிப்போன ஸ்டென்ட்டை எடுக்க அந்த வலு தேவைப்படும். பெண்களின் புறவழி நான்கு சென்டிமீட்டர் அளவே நீளமுள்ளது, நேரானதும்கூட. எனவே ஜெல்லியை வைத்துப் போதிய நேரம் காத்திருந்தால் அவர்களில் பலர் இதை அதிகச் சிரமமின்றித் தாங்கிக்கொள்கிறார்கள். ஆண்களுக்கு இந்தக் கருவியைத்தான் பயன்படுத்தப்போகிறார்கள் என்றால், மயக்க ஊசியோ முதுகில் போடும் ஊசியோ கொடுத்துச் செய்வதே மனிதத் தன்மையுள்ள செயல். அப்படிச் செய்யும்போது வேறு சுமைகள் சேர்கின்றன: வெறும் வயிற்றுடன் இருக்க வேண்டும், மயக்கவியல் மருத்துவருக்குத் தனிக் கட்டணம் ஆகும், துணைக்கு ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும், ஒரு நாள் முழுவதும் போய்விடும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு குழாயை எடுக்க இத்தனை ஏற்பாடு.

இரண்டாவது முறை வேறு மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கு வளையும் சிஸ்டோஸ்கோப் இருந்தது. தடிமனில் ஐந்து மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டுவதும், பாதை எப்படி வளைகிறதோ அப்படித் தானும் வளைந்து செல்வதும்தான் இதன் சிறப்பு. ஜெல்லியை வைத்துப் பத்து நிமிடங்கள் காத்திருந்தார்கள். கருவி தசையைக் கடக்கும் இடத்தில், மேலே தொங்கிய நீர்ப்பையைச் செவிலியர் கையால் அழுத்தினார். அந்த நீரின் அழுத்தத்தில் வழி தானாகத் திறந்துகொடுக்கிறது. இந்த எளிய உத்தி ஆண்களுக்கு வலியைக் குறைக்கிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை என்பதால் ஏன் எல்லா இடங்களிலும் இதைச் செய்வதில்லை என்று நான் இன்றும் வருந்துகிறேன். திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். என் சிறுநீர்ப்பைக்குள் சுருண்டு கிடந்த நீல நிறக் குழாயை நானே பார்த்தேன். சிறு இடுக்கி அதைக் கவ்வியதும், அடிவயிற்றில் ஒரு நீண்ட இழுப்பு மட்டும் தெரிந்தது. முதல் முறையோடு ஒப்பிட்டால், வலி என்ற சொல்லையே நான் இதற்குப் பயன்படுத்த மாட்டேன். அது ஓர் அசௌகரியம், அவ்வளவுதான். எழுந்து உடையை மாற்றிக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பினேன்.

குறை எங்கே இருக்கிறது என்றால், இந்தக் கருவி விலை அதிகமானது, எளிதில் பழுதாகக்கூடியது, ஒவ்வொரு முறையும் கவனமாகக் கிருமி நீக்கம் செய்யப்பட வேண்டியது. அதனால் சிறிய ஊர்களில் இது அரிதாகவே கிடைக்கிறது. இந்தச் சிக்கலுக்கு விடையாக, ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடும் வளையும் சிஸ்டோஸ்கோப்புகள் வந்திருக்கின்றன. கோலோபிளாஸ்ட் நிறுவனத்தின் ஐசிரிஸ் என்ற கருவி ஸ்டென்ட் எடுப்பதற்கென்றே உருவானது. பிடிக்கும் இடுக்கி அதன் உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால், மருத்துவர் கருவியைப் பிடித்திருக்கும்போது இடுக்கியை இயக்க இன்னொருவர் உதவி தேவையில்லை. அறுவை அரங்கு வேண்டாம், கிருமி நீக்கும் அறை வேண்டாம், ஆலோசனை அறையிலேயே எடுத்துவிடலாம் என்பது பெரிய வசதி. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கருவி குப்பைக்குப் போகிறது என்பதும் அதன் செலவை நோயாளியே சுமக்க வேண்டியிருக்கும் என்பதும் மறுபக்கம். நான் அதைப் பயன்படுத்திக்கொண்டதில்லை. நோயாளியின் உணர்வைப் பொறுத்தவரை அதுவும் வளையும் கருவிதான்.

மூன்றாவது முறை, சிகிச்சைக்கு முன்பே நான் கேட்டேன். கல் சிறியது, உடைத்ததில் சிக்கல் ஏதும் நேராவிட்டால் நூலுடன் விட்டுவிடலாம் என்று மருத்துவர் ஒப்புக்கொண்டார். இதில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. இந்த நூல் புதிதாகச் சேர்க்கப்படும் பொருளன்று. பல ஸ்டென்ட்டுகள் கீழ் முனையில் நூல் கட்டியபடியேதான் உறையிலிருந்து வருகின்றன. வைக்கும்போது மருத்துவர் அதை வெட்டி அகற்றிவிடுகிறார். வெட்டாமல் விட்டால் அது புறவழியாக வெளியே வந்து தொங்கும். ஆண்களுக்கு உறுப்பின் மேலும் பெண்களுக்குத் தொடையின் உட்புறமும் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவார்கள். உள்ளே எந்தக் கருவியும் விடாமல் அந்த நூலை இழுத்தாலே ஸ்டென்ட் வந்துவிடும்.

ஐந்தாம் நாள் காலையில் மருத்துவரின் அறிவுரைப்படி வீட்டிலேயே எடுத்தேன். முதல் நாள் மாலையே செவிலியர் தொலைபேசியில் அழைத்துச் சொல்லித் தந்திருந்தார்: “ஐயா, பாதியில நிறுத்தி நிறுத்தி இழுக்காதீங்க. மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே ஒரே சீரா இழுங்க. வந்ததும் ரெண்டு முனையும் சுருண்டு முழுசா இருக்கான்னு பாத்துட்டுக் கூப்பிடுங்க.” குளியலறையில் வெதுவெதுப்பான நீரில் ஒட்டுநாடாவை ஊறவைத்துப் பிரித்தேன். கை நடுங்கியது. இழுக்கத் தொடங்கியபோது சிறுநீரகத்திலிருந்தே ஏதோ ஒன்று நழுவி இறங்குவது போன்ற, சொல்லத் தெரியாத உணர்வு ஏற்பட்டது. நான்கைந்து நொடிகளில் குழாய் முழுவதும் கையில் இருந்தது. முதல் முறை பட்ட வேதனையை எண்ணி நான் அங்கேயே சிறிது நேரம் அழுதுவிட்டேன். இவ்வளவு எளிதாக முடியக்கூடிய ஒன்றுக்காகவா அவ்வளவு துன்பம் என்ற எண்ணம்தான் காரணம்.

நூலின் குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஐந்து நாட்களும் நூல் இருப்பது நினைவிலிருந்து நீங்கவே இல்லை. குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் உறக்கத்தில் புரளும்போதும் அது எங்கேனும் சிக்கி இழுபட்டுவிடுமோ என்ற கவலை இருந்தது. அந்தக் கவலை பொய்யானதுமன்று. நூல் விட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஸ்டென்ட் நாளுக்கு முன்பே தவறுதலாக வெளியே வந்துவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன, அதிலும் பெண்களுக்கு இது சற்று அதிகம். பெரும்பாலானவர்களுக்கு அப்படி வந்துவிடுவதால் தீங்கு நேர்வதில்லை என்றாலும், சிறுநீர்க்குழாயில் காயம் பட்டவர்கள், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள், வாரக்கணக்கில் ஸ்டென்ட் இருக்க வேண்டியவர்கள் ஆகியோருக்கு இந்த வழி ஏற்றதன்று. நூல் வழியாகக் கிருமி ஏறிவிடும் என்று என்னிடம் ஒருவர் அச்சுறுத்தினார். சில நாட்களே இருக்கும் நூலால் சிறுநீர்த் தொற்று கூடுவதாக ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. மாறாக, நூல் விட்டவர்களுக்கு ஸ்டென்ட் குறைந்த நாட்களே உள்ளே இருக்கிறது. தொல்லை தரும் பொருள் விரைவில் வெளியேறுவதே ஒரு சிகிச்சை என்று நான் கருதுகிறேன்.

தம்பிக்கு வைத்தது யூரோடெக் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் பிளாக்ஸ்டார். பார்வைக்கு வழக்கமான ஸ்டென்ட்தான். ஆனால் சிறுநீர்ப்பையில் கிடக்கும் சுருளின் நுனியில் ஒரு சிறு நூலால் உருளை வடிவக் காந்தம் ஒன்று கட்டப்பட்டிருக்கும். எடுக்கும்போது, நுனியில் காந்தம் பொருத்திய மெல்லிய குழாய் ஒன்றைப் புறவழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். காந்தமும் காந்தமும் ஒட்டிக்கொண்டதும் மெதுவாக வெளியே இழுத்துவிடுகிறார்கள். கேமரா இல்லை, இடுக்கி இல்லை, நீர் நிரப்புவது இல்லை. தம்பிக்குச் செவிலியர் ஒருவரே எடுத்துவிட்டிருக்கிறார். “அண்ணா, சிறுநீர்ப் பை மாட்ட டியூப் போடுவாங்களே, அது மாதிரிதான் இருந்தது, அதைவிடக் குறைச்சல்னே சொல்லலாம்” என்றான். வாரக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியவர்களுக்கு, வெளியே தொங்கும் நூலின் கவலை இல்லாமல் நூலின் எளிமையைத் தருவது இதுதான். காந்தம் என்ற எண்ணமும் புதியதன்று. 1980-களிலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள், பிறகு நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. புராஸ்டேட் பெரிதாகிச் சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஆண்களுக்குக் காந்தங்கள் சந்திக்காமல் போகலாம். அப்போது பழையபடி சிஸ்டோஸ்கோப்தான். உள்ளே காந்தம் இருக்கும் நாட்களில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அங்கிருப்பவர்களிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும். காந்தம் இருக்கும் நாட்களில் சிறுநீர்ப்பையில் கனம் தெரிந்ததா என்று தம்பியிடம் கேட்டேன். தனக்கு வேறுபாடு தெரியவில்லை என்றான். அவனுக்கு முன்பு வைத்த அனுபவம் இல்லை என்பதால் இந்தச் சாட்சியத்துக்கு நான் அதிக எடை தரவில்லை.

ஆனால் காந்தத்தின் உண்மையான மதிப்பு எங்களைப் போன்ற நடுத்தர வயது ஆண்களிடம் இல்லை, குழந்தைகளிடம் இருக்கிறது. சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடத்தில் பிறவியிலேயே அடைப்புள்ள குழந்தைகளுக்கு பைலோபிளாஸ்டி என்ற அறுவை சிகிச்சை செய்து ஸ்டென்ட் வைப்பார்கள். சில வாரங்கள் கழித்து அதை எடுக்க அந்தக் குழந்தைக்கு மீண்டும் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு குழாயை எடுப்பதற்காக மட்டும், பால் மணம் மாறாத பிள்ளையை இரண்டாவது முறை மயக்கத்துக்கு அனுப்பும் பெற்றோரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். காந்த ஸ்டென்ட் வைத்த குழந்தைகளுக்கு முழு மயக்கம் இல்லாமலேயே, ஜெல்லியுடனோ சிறிதளவு உறக்க மருந்துடனோ எடுக்க முடிகிறது என்று பல நாடுகளின் குழந்தை அறுவை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நூலும் ஒரு வழிதான், ஆனால் கைக்கு எட்டியதை இழுக்கும் வயதில் அதை நம்ப முடியாது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள் இன்னொரு முக்கியமான பிரிவினர். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்ளும் அவர்களுக்கு, ஸ்டென்ட் உள்ளே கிடக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு. அறுவையின்போதே ஸ்டென்ட்டைச் சிறுநீர் வடியும் குழாயின் நுனியோடு கட்டிவிட்டு, ஐந்தாம் நாள் அந்தக் குழாயை எடுக்கும்போது இரண்டும் சேர்ந்து வெளியே வரும்படி செய்யும் முறையை பிரிட்டனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வில் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். ஆறு வாரம் கழித்துத் தனியாக எடுப்பதைவிட இதில் ஸ்டென்ட்டால் வரும் சிக்கல்கள் குறைந்தன. இது எந்தப் புதுக் கருவியும் இல்லாமல், யோசனை ஒன்றினால் மட்டுமே கிடைத்த பலன் என்பதால் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது.

தானே கரைந்துபோகும் ஸ்டென்ட்டைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். எடுக்கவே வேண்டாத ஸ்டென்ட் நிச்சயமாகச் சிறந்தது. ஆனால் முன்பு செய்த சோதனைகளில் சிலருக்கு முழுவதும் கரையாமல் துண்டுகள் உள்ளே தங்கி, அவற்றை எடுக்க மறுபடியும் சிகிச்சை தேவைப்பட்டிருக்கிறது. இன்று நான் அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

எந்த முறையானாலும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும் என்பது இங்கே மிகவும் அவசியமான செய்தி. தொல்லை குறைந்தவர்கள், ஊர் மாறியவர்கள், எடுக்கப் பணம் இல்லாதவர்கள், என்னைப் போல வலிக்கு அஞ்சியவர்கள் ஆகியோர் அதை உள்ளேயே விட்டுவிடுவதுண்டு. சிறுநீரில் உள்ள உப்புகள் ஸ்டென்ட்டின் மேல் கல்லாகப் படிகின்றன. 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரங்களுக்குள் எடுத்த ஸ்டென்ட்டுகளில் 9.2 விழுக்காட்டிலும், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் எடுத்தவற்றில் 47.5 விழுக்காட்டிலும், அதற்குப் பிறகு எடுத்தவற்றில் 76.3 விழுக்காட்டிலும் இப்படிப் படிவு இருந்தது. படிவு இறுகிய பிறகு நூலும் காந்தமும் பயன்படாது. ஒரு குழாயை எடுக்க மறுபடி லேசர், சில வேளைகளில் முதுகு வழியாகத் துளையிடும் அறுவை என்று போய்விடும். எடுக்கும் வேலை அச்சமூட்டுவதாக இருக்கும் வரை இந்த மறதியும் தொடரும் என்றே நான் நினைக்கிறேன்.

சிகிச்சைக்கு முந்தைய ஆலோசனையின்போது என் நண்பர்களிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவைதான்: எனக்கு ஸ்டென்ட் கட்டாயம் தேவையா, தேவையென்றால் எத்தனை நாள், நூலுடன் விட முடியுமா, முடியாதென்றால் எடுக்க வளையும் கருவி இங்கே இருக்கிறதா, எடுக்கும் கட்டணம் இப்போது சொல்லும் தொகையில் அடக்கமா. கடைசிக் கேள்வியைச் சிறிதாக எண்ண வேண்டாம். என் இரண்டாவது சிகிச்சையில் அது அடக்கமில்லை என்பது எடுக்கப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சிக்கலில்லாத சிறு கல் என்றால் என் தேர்வு நூல்தான். பல வாரங்கள் இருக்க வேண்டியதென்றால், கிடைக்கும் ஊரில் காந்தம். கிடைக்காத ஊரில் வளையும் கருவி. மயக்கமின்றி உலோகக் கருவியை ஓர் ஆணின் மேல் பயன்படுத்துவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எடுத்த அன்று மாலை வரக்கூடிய வலியைப் பற்றியும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. குழாய் வெளியேறியதும் சிறுநீர்க்குழாய் வீங்கிச் சில மணி நேரம் சுருங்கிக்கொள்வதால், கல்லடைப்பு மீண்டும் வந்ததோ என்று அஞ்சும் அளவுக்கு விலாவில் வலி வரலாம். நூலால் எடுத்த அன்றும் எனக்கு மூன்று மணி நேரம் வலித்தது. எடுப்பதற்கு முன்பே அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்தால் இந்தக் கடும் வலி தடுக்கப்படுகிறது என்று சிறிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆனால் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. நீர் அதிகம் குடித்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், இரவுக்குள் வலி அடங்கியது. மறுநாளும் வலி நீடித்தாலோ, குளிருடன் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். எடுத்தாகிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.